ஆங்கிலத்தில் ஆறாம் வேற்றுமை

ஒரு மொழியைப் பிழையின்றி எழுதுதற்கு அம்மொழியின் சொற்களை அறிந்திருத்தல் மட்டும் போதாது. சொல்லுக்குஞ் சொல்லுக்கும் இடையேயுள்ள உறவினை அம்மொழி எவ்வாறு புலப்படுத்துகின்றது என்பதையும் அறிதல் வேண்டும். அவ்வுறவுகளுள் 'இஃது இன்னாருடையது' என்னும் கிழமையுறவு நாள்தோறும் பேச்சிலும் எழுத்திலும் பயில்வது. தமிழிலக்கண நூலார் இதனை ஆறாம் வேற்றுமை என்றனர். ஆங்கில இலக்கண நூலார் பொசெசிவ் என்றும் ஜெனிற்றிவ் என்றும் பெயரிட்டனர். பொருள் இரு மொழிக்கும் பொது. அதனைக் காட்டும் நெறியே வேறு. இவ்வேறுபாடு தெளியப்படாமையே தமிழ் மாணாக்கர் ஆங்கிலம் எழுதுங்கால் இப்பகுதியில் இடர்ப்படுதற்குத் தலையாய காரணமாகும்.

ஒரு மாணாக்கன் தன் தமையனின் திருமணத்தின் பொருட்டு விடுமுறை வேண்டி ஆங்கிலத்திற் கடிதம் வரைகின்றான் எனக் கொள்வோம். 'பிறதர்' என்னுஞ் சொல்லின்பின் 'வெடிங்' என்னுஞ் சொல்லை அவன் மூவகையாக இணைத்தல் கூடும். 'பிறதர்ஸ் வெடிங்' என யாதொரு குறியும் இன்றி எழுதலாம். 'பிறதர்'ஸ் வெடிங்' என எஸ் என்னும் எழுத்திற்கு முன்னே குறியிட்டு எழுதலாம். 'பிறதர்ஸ்' வெடிங்' என அவ்வெழுத்திற்குப் பின்னே குறியிட்டு எழுதலாம். வாயால் ஒலிக்கும்போது இம்மூன்றும் ஒன்றே. கண்ணாற் காணும்போதோ மூன்றும் வேறு. முதலாவது உடைமைப்பொருள் தாராத பிழை. இரண்டாவது ஒரு தமையனின் திருமணம். மூன்றாவது ஒருவருக்கு மேற்பட்ட தமையன்மாரின் திருமணம். அம்மாணாக்கன் மூன்றாவதை எழுதியிருப்பானாயின், இரு தமையன்மாருக்கும் ஒரே பந்தரிலோ மணவினை என்று அதிபர் வினாவுவது முறையேயாம்.

விடுமுறைக் கடிதத்தில் இப்பிழை நகைப்போடு ஒழியும். மரணசாதனத்தில் அவ்வாறு ஒழியாது. இரு புதல்வியரை உடைய ஒருவர், மூத்தவளுக்கு இரு பிள்ளைகளும் இளையவளுக்கு மூன்று பிள்ளைகளும் இருக்க, தம் காணியை 'மை டோற்றர்ஸ்' சில்ட்ரன்' என்று எழுதி விட்டுச்செல்வாராயின், பேரப்பிள்ளைகள் ஐவரும் அதற்கு உரியராவர். அதனையே 'மை டோற்றர்'ஸ் சில்ட்ரன்' என எழுதிவிட்டால், ஒரு புதல்வியின் பிள்ளைகளுக்கே காணி உரியதாகும். அப்புதல்வி யாவள் என்னும் வழக்கும் உடன்பிறக்கும். ஒரு சிறு கீற்று ஓர் எழுத்தின் இப்புறம் நிற்பதா அப்புறம் நிற்பதா என்பதில் ஒரு குடும்பத்தின் உரிமை தங்குகின்றது. ஆதலின், இதனை அச்சுக்கோப்போரின் நுணுக்கம் என்று தள்ளிவிடுதல் ஒண்ணாது.

அக்கீற்றின் பெயர் ஆங்கிலத்தில் அப்பொஸ்றபி என்பது. எழுத்தின் தலைமாட்டில் நிற்கும் காற்புள்ளி வடிவினதாதலின் மேற்காற்புள்ளி என ஈண்டுச் சுட்டப்படும்.

இரு மொழியும் நோக்கும் இடம்

தமிழின் ஆறாம் வேற்றுமைக்குத் தொல்காப்பியம் 'அது' என்பதனை உருபாகக் கூறிற்று. பிற்காலத்து நன்னூல், உடைமைப்பொருள் ஒருமையாயின் 'அது', 'ஆது' என்பனவும், பன்மையாயின் 'அ' என்பதும் உருபாம் என விரித்தது. எனது கை, எனாது கை என்பன ஒருமை. என கைகள் என்பது பன்மை. இவற்றுள் உடையவன் ஒருவனே. உருபு மாறியது அவன்பொருட்டன்று. கை ஒன்றோ பலவோ என்பதன்பொருட்டே. இன்னும், உடைமைப்பொருள் உயர்திணையாயின் இவ்வுருபு பொருந்தாது என்பதும் பண்டை நெறி. 'எனது மகன்' என்பதை வழுவென விலக்கி, 'என் மகன்' என்பதையே இலக்கணம் உடையார் கொள்வர். ஆகவே, தமிழின் ஆறாம் உருபு எண்ணானும் திணையானும் உடைமையை நோக்கி நிற்பதாகும்.

ஆங்கிலமோ இதற்கு நேர் எதிராக உடையானை நோக்கி நிற்கின்றது. உடையான் ஒருவனோ பலரோ என்பதுவே மேற்காற்புள்ளியின் இடத்தை வரையறுக்கும். உடைமை ஒன்றாயினும் ஓராயிரமாயினும் அக்குறியில் யாதொரு மாற்றமும் நேராது. ஒரு தமையனுடைய நூல் ஒன்றாயினும் பலவாயினும் 'பிறதர்'ஸ்' என்றே எழுதுதல் வேண்டும். திணையை நோக்குமிடத்தும் அவ்வாறே. உடையது உயிருள்ளதோ உயிரற்றதோ என்பதே, எஸ் என்னும் ஈறு ஏற்பதா 'ஒவ்' என்னும் இடைச்சொல் ஏற்பதா என்பதைத் துணிவிக்கும்.

இவ்வொரு வேறுபாட்டினை உளங்கொண்ட மாணாக்கனுக்கு இப்பகுதியின் பாதி தெளிந்தவாறாம். நூல்கள் பல என்பதனால் மேற்காற்புள்ளியைப் பின்னே தள்ளி 'பிறதர்ஸ்' புக்ஸ்' என எழுதும் பிழை, உடைமையை நோக்கும் பழக்கத்தால் விளைவது. உருபு உடைமையின் எண்ணைக் காட்டும் மொழியிற் பழகியவன் ஆங்கிலத்திலும் அதனையே எதிர்பார்த்தல் இயல்பு. எனினும் அஃது ஆங்கில மரபன்று.

குறியிடும் முறை

முறை மிக எளியது. முதலில் உடையானைக் குறிக்குஞ் சொல்லை, ஒருமையாயின் ஒருமையாகவும் பன்மையாயின் பன்மையாகவும், முற்ற எழுதுதல் வேண்டும். அதன் பின்னரே குறியைப் பற்றி எண்ணுதல் வேண்டும். அவ்வாறு எழுதிய சொல் பன்மையாய் எஸ் என்னும் எழுத்தில் முடிந்திருப்பின், மேற்காற்புள்ளி மட்டும் சேர்க்கப்படும். ஏனைய எல்லாவிடத்தும் மேற்காற்புள்ளியும் எஸ் என்னும் எழுத்தும் சேர்க்கப்படும்.

ஆசிரியர் ஒருவராயின் 'ரீச்சர்' என்று முதலில் எழுதி, 'ரீச்சர்'ஸ்' என முடிக்கலாம். பலராயின் 'ரீச்சர்ஸ்' என்று முதலில் எழுதி, 'ரீச்சர்ஸ்'' எனக் குறியை மட்டும் ஈற்றில் இடுதல் வேண்டும். எஸ் ஈறு பெறாத பன்மைச் சொற்களிலேதான் பலர் வழுக்கி வீழ்வர். 'சில்ட்ரன்', 'மென்', 'விமென்' என்பன பன்மையேயாயினும் எஸ் ஈறு உடையனவல்ல. ஆதலின் அவை 'சில்ட்ரன்'ஸ்', 'மென்'ஸ்', 'விமென்'ஸ்' என்றே வரும். பன்மைக்குக் குறி பின்னே வரும் என்னும் அரைகுறை விதியை மனனஞ் செய்தவன் 'சில்ட்ரன்ஸ்'' என்று எழுதுவான். 'சில்ட்ரன்ஸ்' என்றொரு சொல் ஆங்கிலத்தில் இல்லை என்பதை அவன் மறந்தமையே காரணம். முதலில் உடையானை எழுதுக என்னும் விதியைக் கைக்கொள்வோனுக்கு இப்பிழை நேராது.

ஐயம் எழுமிடத்து ஓர் உரைகல் உண்டு. தொடரைத் திருப்பி, 'ஒவ்' என்னும் இடைச்சொல்லைக் கொண்டு எழுதிப் பார்த்தல் வேண்டும். 'ஒவ்' என்பதன்பின் எச்சொல் வருகின்றதோ அச்சொல்லின் ஈற்றிலேதான் மேற்காற்புள்ளி தொடங்கும். விடுமுறை விண்ணப்பத்தில் வரும் பத்துநாள் விடுமுறை என்பது 'லீவ் ஒவ் ரென் டேய்ஸ்' எனத் திரும்பும். ஆதலின் 'ரென் டேய்ஸ்' லீவ்' என்பதே சரி. ஒரு நாள் விடுமுறையாயின் 'வன் டே'ஸ் லீவ்' ஆகும்.

தொகையும் விரியும்

தமிழில் உருபு மறைந்து நிற்றலும் உண்டு. 'இராமன் வீடு', 'ஆசிரியர் மேசை' என்பன ஆறாம் வேற்றுமைத் தொகைகள். உருபு இல்லாதபோதும் பொருள் குன்றாது. இவ்வியல்பை ஆங்கிலத்தில் ஏற்றுவதனால் 'இராமன் ஹவுஸ்', 'ரீச்சர் ரேபிள்' என எழுதும் பிழை தோன்றுகின்றது. ஆளை உடையானாகக் கொண்ட இடத்து ஆங்கிலம் அத்தகைய தொகையை ஏலாது.

ஆயினும் ஆங்கிலத்திலும் தொகை இல்லாமல் இல்லை. 'ஸ்கூல் கேற்', 'கொலிஜ் மகசீன்', 'ரேபிள் லெக்' என்பவற்றில் முதற்சொல் உடையானைக் குறியாது வகையைக் குறிக்கின்றது. எத்தகைய வாயில் எனின் பள்ளிக்கூட வாயில். எத்தகைய கால் எனின் மேசைக்கால். ஈண்டு மேற்காற்புள்ளி வேண்டற்பாலதன்று. வகையோ உடைமையோ எனத் துணிய முடியாத இடங்களும் உள. ஆசிரியர்க்குரிய கலாசாலையை 'ரீச்சர்ஸ்' கொலிஜ்' எனக் குறியிட்டு எழுதுதல் பெருவழக்கு. நியூயோர்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அப்பெயருடைய நிறுவனமோ குறியின்றியே தன் பெயரை எழுதுகின்றது. இருவகையும் இலக்கணத்திற்கு இயைந்தனவே. இத்தகைய பெயர்களை உரிய நிறுவனம் எவ்வாறு எழுதுகின்றதோ அவ்வாறே எழுதுதல் மரபு.

உயிருள்ளதும் உயிரற்றதும்

உடையான் மக்களாகவோ விலங்காகவோ இருப்பின் எஸ் ஈறு இயல்பாக வரும். உயிரற்ற பொருளாயின் 'ஒவ்' என்பது சிறக்கும். மேசையினது கால் என்பதை 'த லெக் ஒவ் த ரேபிள்' என்றல் நன்று. 'த ரேபிள்'ஸ் லெக்' என்றல் செவிக்கு இனிதன்று. இது மாறா விதியன்று, பெரும்பான்மை வழக்கே. கால அளவு, தூர அளவு, விலையளவு ஆகியவற்றைக் குறிக்குஞ் சொற்கள் உயிரற்றனவாயினும் எஸ் ஈறு ஏற்கும். 'ருடே'ஸ் நியூஸ்', 'எ வீக்'ஸ் லீவ்' என்பன போல்வன அவை. நாடு, நகரம், உலகம், ஞாயிறு, திங்கள் முதலியவற்றின் பெயர்களும் அவ்வாறே. ஓட்டன் சமவெளியிலுள்ள பெருஞ்செங்குத்துப் பாறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'வேர்ள்ட்'ஸ் என்ட்' என்னும் பெயர் இதற்கு இலங்கையிலேயே கிடைக்கும் எடுத்துக்காட்டு. சிவனொளிபாதமலையின் ஆங்கிலப் பெயராகிய 'அடம்'ஸ் பீக்' என்பதோ உயர்திணை உடையானைக் கொண்டது.

'ஒவ்' என்பதும் எஸ் ஈறும் எஞ்ஞான்றும் ஒரு பொருளன என்று கருதுதலும் கூடாது. பகைவரது அச்சம் என்னுந் தொடர், பகைவர் கொண்ட அச்சத்தையும் உணர்த்தும். பகைவரைக் குறித்துப் பிறர் கொண்ட அச்சத்தையும் உணர்த்தும். ஆங்கிலத்தில் 'த பியர் ஒவ் த எனெமி' என்பது இவ்விரு பொருளுக்கும் இடந்தரும். 'த எனெமி'ஸ் பியர்' என்பதோ பெரும்பாலும் பகைவர் தாம் கொண்ட அச்சத்தையே சுட்டும். 'புலிகொல் யானை' என்னுந் தொடர் புலியைக் கொன்ற யானையோ புலியாற் கொல்லப்பட்ட யானையோ என மயங்குதலைத் தொல்காப்பிய உரைகளிற் பயின்ற மாணாக்கனுக்கு இவ்வாராய்ச்சி புதியதன்று.

இனி, 'ஒவ்' என்பதும் உடைமை ஈறும் ஒருங்கே வருவதும் உண்டு. 'எ பிறென்ட் ஒவ் மைன்' என்பது என் நண்பருள் ஒருவன் எனப் பொருள்படும். 'எ பிக்சர் ஒவ் த கிங்' என்பது அரசனது உருவம் வரையப்பட்ட படம். 'எ பிக்சர் ஒவ் த கிங்'ஸ்' என்பது அரசனுக்கு உரிய படங்களுள் ஒன்று. அதில் வரையப்பட்டது யாதாயினும் ஆகலாம். தமிழில் 'அரசனது படம்' என ஒரே தொடரில் அடங்கும் இரு பொருளை ஆங்கிலம் ஓர் எழுத்தாற் பிரித்துக் காட்டுதல் ஈண்டு அறியற்பாலது. நன்னூலார் தற்கிழமை எனவும் பிறிதின்கிழமை எனவும் பகுத்ததோடு இஃது ஒருபுடை ஒப்புமை உடையது.

ஈற்றின் வரலாறு

இவ்வீறு எங்ஙனம் பிறந்தது என்பது அறிதற்கு இன்பந் தருவது. பண்டைய ஆங்கிலம் வேற்றுமை உருபுகள் பல உடைய மொழியாக இருந்தது. அரசனைக் குறித்த 'கியூனிங்' என்னுஞ் சொல் ஆறாம் வேற்றுமையில் 'கியூனிங்கெஸ்' என நின்றது. பன்மையில் அஃது 'கியூனிங்க' என ஆயிற்று. எல்லாச் சொற்களும் எஸ் ஈறு பெற்றனவல்ல. பெயரைக் குறித்த 'நம' என்பது 'நமன்' எனவும், அன்பைக் குறித்த 'லுபு' என்பது 'லுபெ' எனவும் திரிந்தன. காலப்போக்கில் ஏனைய ஈறுகள் தேய்ந்து மறைய, 'எஸ்' என்பதே எல்லாப் பெயர்க்கும் பொதுவாகப் பரவிற்று. பழைய பெண்பால் வழக்கின் எச்சம் ஒன்று இன்றும் காணப்படுகின்றது. மார்ச் 25ஆம் நாளை ஆங்கிலக் கிறித்தவர் 'லேடி டே' என்பர். அது மரியன்னைக்குரிய நாள். ஈண்டு எஸ் ஈறு இல்லாமை பிழையன்று, பழமையின் சுவடு.

'எஸ்' ஈற்றின் முன்னின்ற உயிரொலி பெரும்பாலான சொற்களிற் பேச்சில் மறைந்தது. எழுத்து விடுபட்டமையைக் காட்டும் மேற்காற்புள்ளி 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழக்கைத் தழுவி ஆங்கிலத்திற் புகுந்தது. விடுபட்ட உயிரைக் குறிக்கவே அஃது உடைமை ஈற்றிலும் இடம்பெற்றது. ஒருமையில் அது நிலைத்த பின்னும் பன்மையில் நெடுங்காலம் நிலைபெறவில்லை. பன்மை எஸ் என்பதன்பின் அதனை இடும் வழக்கு 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதன் பின்னருமே உறுதியாயிற்று. ஆகவே, இன்று தேர்வாளர் புள்ளி குறைக்கும் பிழைகளுள் சில, சேக்ஸ்பியர் காலத்து அச்சுநூல்களில் இயல்பான வழக்காயிருந்தன.

இடையில் ஒரு மயக்கமும் எழுந்தது. எஸ் ஈறு 'ஹிஸ்' என்னுஞ் சொல்லின் குறுக்கமே என்று பலர் கருதினர். 1605இல் அச்சான பென் யோன்சனின் நாடகம் 'செயானஸ் ஹிஸ் போல்' எனத் தலைப்பிடப்பட்டது. செயானஸ் என்பானது வீழ்ச்சி என்பது அதன் பொருள். 1711இல் அடிசனும் ஸ்பெக்ரேற்றர் இதழில் இக்கருத்தைத் தழுவி எழுதினார். 1755இல் தம் பேரகராதியின் முன்னே வைத்த இலக்கணத்தில் சாமுவேல் யோன்சன் இதனை மறுத்தார். பெண்பாற் பெயர்களும் எஸ் ஈறே ஏற்கின்றனவாதலின், அவ்விடத்து ஆண்பாற் சொல்லாகிய 'ஹிஸ்' எவ்வாறு பொருந்தும் என்பது அவர்தம் நியாயம். அடிசனின் தவறு தமிழ் கற்றோர்க்கு வியப்பன்று. 'இராமனுடைய' என்பதில் 'உடைய' என்னும் முழுச்சொல் சொல்லுருபாய் நிற்றலை அவர் அறிவர். தமிழில் மெய்யாக நிகழ்ந்ததனை ஆங்கிலத்தில் நிகழ்ந்ததாக அடிசன் கருதினார் எனலாம்.

பிரதிப்பெயர்கள்

மேற்காற்புள்ளி பற்றிய பிழைகளுள் தலைமையானது 'இற்ஸ்' என்பதில் நேர்வது. உடைமையைக் குறிக்கும் 'இற்ஸ்' குறி பெறாது. 'இற்'ஸ்' எனக் குறி பெறுவது 'இற் இஸ்' அல்லது 'இற் ஹாஸ்' என்பதன் குறுக்கமாகும். பெயர்ச்சொற்கெல்லாம் குறியிட்டு உடைமை காட்டப் பழகியவன் இதற்கும் குறியிடுதல் நியாயமாகத் தோன்றும். ஆயின் 'ஹிஸ்', 'ஹேர்ஸ்', 'அவர்ஸ்', 'யோர்ஸ்', 'தெயர்ஸ்' என்பன தம்மளவிலேயே உடைமை வடிவங்கள். அவற்றிற்குக் குறி வேண்டா. 'ஹிஸ்' என்பதன் நடுவே எவனும் குறியிடுவதில்லை. 'இற்ஸ்' என்பது 'ஹிஸ்' என்பதன் இனம் என்று நினைவிற்கொண்டால் ஐயம் அகலும். 'ஹூஸ்' என்பதற்கும் இதுவே விதி. யாருடையது என்பதற்கு ஒரே சொல்லாகிய உடைமை வடிவமும், யார் இருக்கின்றார் என்பதற்குக் குறியிட்ட குறுக்கமும் வருதல் வேண்டும்.

இப்பிழையைச் செய்யும் மாணாக்கனைப் பெரிதும் கடிந்துகொள்ளுதற்கும் இடமில்லை. 'இற்ஸ்' என்பது ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேதான் தோன்றிற்று. அதற்கு முன் அஃறிணைக்கும் 'ஹிஸ்' என்பதே வழங்கிற்று. 1611இல் வெளிவந்த விவிலிய மொழிபெயர்ப்பில் அச்சொல் ஓரிடத்திலேனும் இல்லை. பிற்காலப் பதிப்புகளில் லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில் ஒருமுறை மட்டும் இடம்பெறுகின்றது. புதிதாகத் தோன்றியபோதும், ஏறத்தாழ 1800 வரையும், கற்றோர் பலர் அதனை மேற்காற்புள்ளியோடே எழுதினர். அன்று வழக்கு, இன்று வழு. மொழியில் வழக்கே இலக்கணத்தை ஆக்குவது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

எஸ் ஈற்று இயற்பெயர்கள்

'யேம்ஸ்', 'சாள்ஸ்' போன்ற ஒருமைப் பெயர்கள் இயல்பாகவே எஸ் ஈறு உடையன. இவற்றின் உடைமை வடிவம் 'யேம்ஸ்'ஸ்' என்பதா 'யேம்ஸ்'' என்பதா என்னும் வினா நெடுங்காலமாக உள்ளது. 1926இல் வெளிவந்த பவுலரின் ஆங்கில வழக்ககராதி, உரைநடையில் மற்றுமொரு எஸ் சேர்த்தலே தற்கால வழக்கு என்றும், செய்யுளிலும் வழிபாட்டு நடையிலும் பழைய முறை நிலவுகின்றது என்றும் கூறிற்று. லண்டன் மாநகரத்துச் சென். யேம்ஸ் அரண்மனை இரண்டாவது எஸ் பெற்று எழுதப்படுகின்றது. கல்கிசையிலுள்ள சென். தோமஸ் கல்லூரியோ ஈற்றில் குறியை மட்டும் இடுகின்றது. மோசே, இயேசு முதலிய பண்டைப் பெயர்களுக்கும் குறி மட்டும் இடுதலே பெருவழக்கு.

இவ்வேறுபாடு உயர்ந்த மன்றங்களிலும் தீர்ந்தபாடில்லை. 2006இல் கன்சாஸ் மாநிலத்து மரண தண்டனைச் சட்டம் பற்றி அமெரிக்க உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்தனர். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் தோமஸ் 'கன்சாஸ்'' என எழுதினார். மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதியரசர் சூற்றர் 'கன்சாஸ்'ஸ்' என எழுதினார். சட்டத்தில் மட்டுமன்றி மேற்காற்புள்ளியிலும் அவர் மாறுபட்டனர். மாணாக்கனுக்குக் கூறத்தக்கது இதுவே: இரண்டில் ஒன்றைத் தேர்ந்து, ஒரு கட்டுரை முழுதும் அதனையே கைக்கொள்ளல் வேண்டும். ஒலிக்கும்போது மற்றுமொரு எஸ் ஒலிக்கப்படின் எழுத்திலும் அதனைச் சேர்த்தல் நன்று.

தொடர்ச்சொற்களும் இருவர் உடைமையும்

பல சொற்கள் சேர்ந்து ஒருவரைக் குறிக்குமிடத்து ஈறு இறுதிச் சொல்லிலேயே சேரும். 'த கிங் ஒவ் இங்கிலன்ட்'ஸ் கிறவுண்' என்பதில் எஸ் ஈறு நாட்டின் பெயரோடு ஒட்டிநின்றும் முடி அரசனுடையதே. சோசர் வாழ்ந்த 14ஆம் நூற்றாண்டில் வழக்கு வேறாயிருந்தது. அவருடைய புகழ்பெற்ற கதைகளுள் ஒன்றின் பெயர், பழைய முறையில், மனைவி என்னுஞ் சொல்லில் ஈற்றைச் சேர்த்துக் கதை என்பதை இடையில் வைத்து, 'பாத்' என்னும் ஊர்ப்பெயரை இறுதியில் நிறுத்திற்று. இக்காலத்தார் அதனை 'த வைவ் ஒவ் பாத்'ஸ் ரேல்' என்பர். தமிழில் இத்தொல்லை எழுவதில்லை. 'இங்கிலாந்து அரசனது முடி' என அடைமொழியெல்லாம் முன்னின்று, உடையான் பெயரே உருபினை அடுத்து வருதலின் மயக்கத்திற்கு இடமில்லை.

மைத்துனனைக் குறிக்கும் 'பிறதர்-இன்-லோ' என்பதிலும் ஈறு இறுதியில் வரும். பன்மை எஸ் மட்டும் முதற்சொல்லில் வரும். இருவர் ஒருபொருளுக்கு ஒருங்கே உரியராயின் பின்னவர் பெயரில் மட்டும் ஈறு சேரும். 'குமார் அன்ட் கமலா'ஸ் ஹவுஸ்' என்பது இருவர்க்கும் பொதுவான ஒரு வீடு. 'குமார்'ஸ் அன்ட் கமலா'ஸ் ஹவுஸஸ்' என்பது ஒவ்வொருவர்க்கும் தனித்தனி வீடு. உறுதி எழுதுவோரும் கணக்கு எழுதுவோரும் இவ்வேறுபாட்டைப் பொன்னேபோற் போற்றல் வேண்டும்.

தொழிற்பெயரின் முன் உடைமை வடிவம் வருதலும் அறியத்தக்கது. அவன் வந்தமை வியப்புத் தந்தது என்பதற்கு 'ஹிஸ் கமிங்' என்றல் செவ்விய வழக்கு. 'ஹிம் கமிங்' என்பதை பவுலர் சகோதரர் 1906இல் வன்மையாகக் கண்டித்தனர். டென்மார்க்கு நாட்டு மொழிநூலறிஞர் யெஸ்பேர்சன், ஆங்கிலப் பேரெழுத்தாளர் பலர் அவ்வாறு எழுதியமையைக் காட்டி மறுத்தார். தேர்வுக்கு எழுதுவோர் முன்னையதைக் கொள்வதே பாதுகாப்பானது.

குறியை ஒழிக்க முனைந்தோர்

ஒலியில் வேறுபாடு இல்லையெனின் குறி எற்றுக்கு என வினாவினோரும் உளர். பேர்னாட் ஷோ குறுக்கச் சொற்கள் பலவற்றில் மேற்காற்புள்ளியை நீக்கித் தம் நாடகங்களை அச்சிடுவித்தார். 1890இல் அமைக்கப்பட்ட அமெரிக்க இடப்பெயர்ச் சபை ஊர்ப்பெயர்களில் உடைமைக்குறியை ஏற்பதில்லை. விலக்காக அது மார்தாஸ் வினியாட் உள்ளிட்ட ஐந்து பெயர்களுக்கே இடந்தந்துள்ளது. லண்டன் நிலக்கீழ் இருப்புப்பாதையில் அடுத்தடுத்து வரும் இரு நிலையங்களுள் 'ஏள்'ஸ் கோட்' குறியுடையது. 'பரன்ஸ் கோட்' குறியற்றது. பேர்மிங்காம் நகரசபை 2009இல் தெருப்பெயர்ப் பலகைகளிற் குறியை விலக்கத் துணிந்தது. 2012இல் வோட்டர்ஸ்ரோன்ஸ் என்னும் நூல்விற்பனை நிலையம் தன் பெயரிலிருந்து அதனை நீக்கிற்று.

மறுபுறம், 2001இல் யோன் றிச்சட்ஸ் என்பார் மேற்காற்புள்ளியைக் காத்தற்கென்றே இங்கிலாந்தில் ஒரு சங்கம் நிறுவினார். 2019இல் தம் முதுமையையும் மக்களின் கவலையின்மையையும் காரணங்காட்டி அதனை மூடுவதாக அறிவித்தார். பின்னர் வேறொருவர் அப்பொறுப்பினை ஏற்றார்.

பெயர்ப்பலகையிற் குறி இன்றேல் பெருங்கேடு விளையாது. பெயர் சுட்டுதற்கே உரியது. ஆண்டு உடையான் யாவன் என்பதை எவரும் ஆராய்வதில்லை. வாக்கியத்தில் அவ்வாறன்று. பேச்சில் ஐயம் எழுந்தால் கேட்போன் மீண்டும் வினாவலாம், சொல்வோன் விளக்கலாம். எழுத்து சொன்னவனை விட்டுப் பிரிந்து செல்வது. மரணசாதனத்தை எழுதியவரை மீண்டும் வினாவுதல் எவர்க்கும் இயலாது. அவர் கருதியது ஒரு புதல்வியையோ இரு புதல்வியரையோ என்பதற்கு அவர் இட்டுச்சென்ற குறி ஒன்றே சான்று. ஆதலின், எழுதுவோன் முதலில் உடையானைத் துணிக. துணிந்து அவன் பெயரை முற்ற எழுதுக. அதன்பின் குறியை அதற்குரிய இடத்தில் இடுக. இம்மூன்றும் கைவரப்பெற்ற மாணாக்கனுக்கு இப்பகுதியில் எஞ்சுவன சிலவே. அவற்றை நல்லோர் எழுதிய நூல்களைப் பயிலுந்தோறும் அவன் தானே கண்டுகொள்வான்.